மறுதேர்வுக்கு வந்த கால்

அந்தப் பயிற்சிக் கல்லூரியில் இரண்டு வகை மாணவர்கள் இருந்தார்கள். ஓடுகிறவர்கள் ஒரு வகை, ஓடி விழுகிறவர்களைத் தூக்குகிறவர்கள் இன்னொரு வகை. அவள் இரண்டாவது வகை. சுளுக்கிய கணுக்காலுக்கு டேப் சுற்றுவது, பிடித்துக்கொண்ட தொடையை நீவி விடுவது, ஆட்டத்தின் நடுவில் உள்ளே ஓடிப்போய் "நீ வெளியே வா" என்று சொல்வது, இதற்கெல்லாம் ஒரு படிப்பு இருக்கிறது என்று அவள் சேரும்வரை வீட்டில் யாருக்கும் தெரியாது. சேர்ந்த பிறகும் அண்ணனுக்குப் பாதி நம்பிக்கைதான். "கால் சுளுக்குனா துணியைச் சுத்திட்டு வேலைக்குப் போவோம். அதுக்கு ஒரு காலேஜ் கட்டி வெச்சிருக்காங்க பாரு" என்பான். ஆனால் சரக்குக் கிடங்கில் தன்னோடு மூட்டை தூக்குகிறவர்களிடம், தங்கச்சி டாக்டருக்குப் படிப்பதாகத்தான் சொல்லி வைத்திருந்தான்.

சேர்வது பெரிய காரியமில்லை, நிலைப்பதுதான் பாடு. பயிற்சி அறைச் சுவரில் தகுதிகளை எழுதி ஒட்டியிருந்தார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு முனையைத் தனியாளாகப் பிடித்துக்கொண்டு மைதானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை போக வேண்டும். ஆட்டக்காரர் சொன்ன சங்கதி அறையைத் தாண்டக் கூடாது. பயிற்சியாளர் குதித்தாலும் கூத்தாடினாலும், ஆட வேண்டாம் என்று சொல்லிவிட்டால் வேண்டாம்தான். கணுக்காலுக்கு டேப் போட்டால் மூட்டு அசையக் கூடாது, ரத்தம் ஓட வேண்டும். பருவத்துக்கு ஒருமுறை சோதிப்பார்கள். ஏதாவது ஒன்றில் தவறினால் ஒரே ஒரு மறுதேர்வு. அதிலும் தவறினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டியதுதான்.

ஸ்ட்ரெச்சரை அவள் சிரித்துக்கொண்டே தூக்கினாள். மறுமுனையைப் பிடித்த மாணவன்தான் "கொஞ்சம் மெதுவா போம்மா, மேல படுத்திருக்கிறவன் விழுந்துருவான்" என்று மூச்சிரைத்துக்கொண்டே ஓடி வந்தான். மூட்டை தூக்குகிற வீட்டில் பிறந்தவளுக்கு எடை ஒரு பொருட்டா. டேப்பில்தான் மாட்டிக்கொண்டாள்.

தேர்வன்று அவளுக்குக் கிடைத்தது கொக்கின் கால். கொக்கு உயரம் தாண்டுகிறவள். முழங்காலுக்குக் கீழேயே ஒரு ஆள் உயரம் இருக்கும் என்று சொல்வார்கள், அதனால் அந்தப் பெயர். மேசை மேல் காலை நீட்டி உட்கார்ந்தாள். சுவர்க் கடிகாரத்தின் பெரிய முள் ஒரு எண்ணிலிருந்து அடுத்த எண்ணுக்குப் போவதற்குள் வேலை முடிய வேண்டும். அவள் அதற்கு முன்பே முடித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டு கல்போல இருந்தது. ஒரு சுருக்கம் இல்லை.

மேடம் வந்தார். ஒரு காலத்தில் நெடுந்தூரம் ஓடியவர். முட்டி இரண்டும் போனபின் ஓட்டத்தை விட்டுவிட்டுப் பாடம் நடத்த வந்தவர். கொஞ்சம் சாய்ந்து சாய்ந்துதான் நடப்பார். வந்தவர் கட்டை ஆட்டிப் பார்க்கவில்லை. கொக்கின் கால் கட்டைவிரல் நகத்தை அழுத்தி, விட்டார். நகம் வெளுத்தது. விட்ட கணத்தில் சிவப்பு திரும்ப வேண்டும். வெளுத்தது வெளுத்தபடியே கிடந்தது.

"இது என்ன?"

"கட்டு, மேடம்."

"இதைத் தூக்கி லாரியில ஏத்தலாம். இது கட்டு இல்ல, மூட்டை."

அறையில் சிரிப்பு கிளம்பியது. கொக்கு மட்டும் சிரிக்கவில்லை. "மேடம், முதல்ல கழட்டுங்க. அப்புறம் திட்டுங்க" என்றாள்.

கத்திரிக்கோலை டேப்புக்கு அடியில் விட இடமில்லாமல் மேடம் திண்டாடினார். கழற்றியதும் காலில் வரிவரியாகத் தடம். அவள் கொக்கைப் பார்த்து, "வலிச்சா சொல்ல வேண்டியதுதானே?" என்றாள்.

"சொன்னேனே. ரெண்டு தடவை சொன்னேன். பொறுத்துக்கோன்னு சொல்லிட்டு இன்னும் ஒரு இழுப்பு இழுத்த."

உண்மைதான். சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. ஆனால் அது ஒரு செய்தி என்றே அவளுக்குத் தோன்றவில்லை. அவள் வீட்டில் வலி என்பது குழாயில் தண்ணீர் சொட்டுவது மாதிரி. இருக்கும். அதற்காக யாரும் எழுந்து போய்ப் பார்ப்பதில்லை.

"கால் சொன்னதையும் கேக்கல, கால்காரி சொன்னதையும் கேக்கல" என்றார் மேடம். "பெயில்."

எல்லோரும் போன பிறகு அவள் போய் நின்றாள். "மத்ததெல்லாம் நல்லா செஞ்சிருக்கேன் மேடம். இது ஒண்ணுதான்."

"ஆமா. மத்ததெல்லாம் நல்லா செய்யுற. அதனால நாளைக்கு ஒரு மைதானத்துல உன்னைத் தனியா நிறுத்துவாங்க. அங்க நகத்தை அழுத்திப் பாக்க நான் வரமாட்டேன். இன்னிக்குப் போனாப் போகுதுன்னு பாஸ் போட்டா, என்னிக்கோ ஒருத்தி காலுக்கு நான் பதில் சொல்லணும்." கத்திரிக்கோலைத் துடைத்து டப்பாவில் போட்டார். "அடுத்த மாசம் மறுதேர்வு. போ."

அவள் போனாள். கதவை ஓங்கிச் சாத்த வேண்டும் போலிருந்தது. அது தானாக மெல்ல மூடிக்கொள்கிற வகைக் கதவு, அந்தத் திருப்தியும் கிடைக்கவில்லை.

வீடு, சரக்குக் கிடங்குகளின் பின்புறத் தெருவில் ஒற்றை அறை. இரும்புக் கட்டில், அதற்கு மேலே துணி காயும் கொடி, மூலையில் அடுப்பு. அண்ணன் வேலை முடிந்து வந்ததும் வழக்கம்போல் கட்டிலில் உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட வாளி மேல் இடது காலை வைத்தான். சேர்ந்த நாளிலிருந்து அவனுடைய இந்தக் கால்தான் அவளுக்குப் பாடப்புத்தகம். கல்லூரியில் மிச்சம் விழும் டேப் சுருள்களைக் கொண்டு வந்து, ஒவ்வொரு சாயங்காலமும் சுற்றிச் சுற்றிப் பழகியிருந்தாள்.

"எங்க டேப்பு? நான் ரெடி" என்றான்.

"வேண்டாம். பெயில் ஆயிட்டேன்."

"யாரு சொன்னா?"

"மேடம் சொன்னாங்க. பின்ன யாரு, பஸ் கண்டக்டரா சொல்வாரு?"

அவள் நடந்ததைச் சொன்னாள். அவனுக்குப் புரியவே இல்லை. "இறுக்கமா இருக்குன்னா பெயில் பண்ணாங்க? லூசா இருந்தா பண்ணட்டும், அது நியாயம். இறுக்கினதுக்கா?"

அவனைச் சொல்லிக் குற்றமில்லை. லாரியில் கயிறு தளர்ந்தால் வளைவில் சரக்கு சரியும். சரிந்தால் கீழே நிற்கிறவன் கதை முடிந்தது. அவன் கண்ணெதிரே ஒருத்தனுக்கு அப்படி முடிந்திருக்கிறது. இறுக்கிக் கட்டுவது என்பது அவனைப் பொறுத்தவரை அடுத்தவன் உயிர் மேல் வைக்கிற அக்கறை. அதனால்தான் ஒவ்வொரு நாளும், "இன்னும் கொஞ்சம் இழு", "அப்படித்தான்", "பாறை மாதிரி இருக்கு" என்று சொல்லிக்கொண்டே இருந்தான்.

"நான் சுத்தினப்ப உனக்கு வலிக்கவே இல்லையா?"

"முதல்ல கொஞ்சம் வலிக்கும். அப்புறம் மரத்துடும். மரத்துட்டா ஒண்ணும் தெரியாது. அதான் நல்லா இருக்குன்னு சொன்னேன்."

அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மரத்துப்போச்சுன்னு ஒரு தடவை சொல்லியிருந்தா நான் பாஸ் ஆயிருப்பேன்."

"நான் மூஞ்சியைச் சுளிச்சா நீ கையை எடுத்துருவ. அப்புறம் எப்படிக் கத்துக்குவன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். இப்ப என்னையே திட்டுறியா?"

அம்மா அப்போதுதான் வேலையிலிருந்து வந்தாள். விடுதிகளுக்குப் படுக்கை விரிப்பு தேய்த்துக் கொடுக்கிற இடத்தில் வேலை. வந்தவள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, "என்ன பஞ்சாயத்து?" என்றாள்.

"உன் மகன் எனக்கு நல்லது பண்ணிட்டான்மா."

"பண்ணமாட்டானே" என்று அம்மா உள்ளபடியே ஆச்சரியப்பட்டாள்.

"இனிமே உன் காலை வெச்சு நான் எதையும் கத்துக்க முடியாதுண்ணா. உன் காலும் மேசைக் காலும் ஒண்ணு" என்றாள் அவள். அவன் வாளியிலிருந்து காலை எடுத்துக்கொண்டான். கோபமாக ஏதாவது சொல்வான் என்று பார்த்தாள். அவன் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டான். ஏதாவது சொல்லியிருந்தால் அவளுக்கு நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை பயிற்சி அறையில் அவள் வெறும் நாற்காலிக் காலுக்கு டேப் சுற்றிக்கொண்டிருந்தபோது கொக்கு வந்தாள். கொஞ்ச நேரம் கதவில் சாய்ந்து பார்த்தாள்.

"நாற்காலி என்ன சொல்லுது?"

"உன் வேலையைப் பாரு."

"என் காலை நீ ஏற்கனவே கொன்னுட்ட, கயிறு. செத்த காலுக்கு இனிமே என்ன பயம். இந்தா." மேசையில் ஏறிக் காலை நீட்டினாள்.

கயிறு என்ற பெயர் அதற்குள் கல்லூரி முழுக்கப் பரவியிருந்தது. வைத்தவளே கொக்குதான். அவளுக்குக் கோபம் வந்தது. ஆனால் முந்தின நாள் தடம் அந்தக் காலில் இன்னும் மங்கலாகத் தெரிந்தது. அந்தக் காலைத்தான் திரும்ப நீட்டுகிறாள். கோபம் பாதியில் நின்றுவிட்டது.

"ஏன்டி?" என்று மட்டும் கேட்டாள்.

"நான் குதிச்சுக் கீழ விழுறப்ப ஓடி வர்றவளுக்குத் தூக்கத் தெரியணும். உனக்குத் தூக்கத் தெரியுது. மத்தவளுங்க ஸ்ட்ரெச்சரோட சேர்ந்து அவளுங்களும் விழுறாளுங்க. நீ போயிட்டா எனக்குத்தான் நஷ்டம். போடு, பேசாதே."

ஆனால் பேசியதெல்லாம் கொக்குதான். கத்தியதும் அவள்தான். டேப் தோலைத் தொட்டதுமே "ஆ" என்பாள்.

"இன்னும் ஒட்டவே இல்லையேடி."

"ஒட்டப் போறன்னு தெரியுதுல்ல. முன்கூட்டியே சொல்லி வெக்கிறேன்."

"கத்துறதுக்கு ஒரு போட்டி வெச்சா மெடல் உனக்குத்தான்."

"உங்க வீட்டுல யாரும் அந்தப் போட்டிக்கு வரமாட்டீங்க, தெரியும். இப்ப இழுக்குற. மறுபடியும் இழுக்குற."

அப்படித்தான் பிடிபட்டது. அவள் சுருளைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டே சுற்றுகிறாள். லாரிக் கயிற்றை அப்படித்தான் சுற்றுவார்கள். டேப்பை முதலில் வேண்டிய அளவு உரித்துக்கொள்ள வேண்டும். பிறகு இழுக்காமல் தோலின் மேல் படிய விட வேண்டும். உள்பக்கத்திலிருந்து குதிகாலுக்கு அடியில் போய் வெளிப்பக்கம் ஏறும் பட்டைகள்தான் காலைப் பிடித்து நிறுத்துகின்றன, இழுப்பு அல்ல. கேட்க எளிது. கை கேட்க வேண்டுமே. கொக்கு கத்தும்போதெல்லாம் கையை நிறுத்தினாள். நிறுத்தி விரல்களைப் பார்த்தாள். நகத்தை அழுத்தினாள். பிரித்துவிட்டு மறுபடி சுற்றினாள். ஒரு நாள் காலை கடைசிப் பட்டைவரை வந்தும் சத்தமே இல்லை. நிமிர்ந்து பார்த்தால் கொக்கு பன் தின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் கத்தல?"

"எதுக்குக் கத்தணும்? முடிச்சிட்டியா?"

அன்றைக்கு அவளுக்கு அந்தப் பன்னைத் தின்கிற வாயில் முத்தம் கொடுக்கலாம் போலிருந்தது. "எழுந்திரு, மேசையெல்லாம் தூளாக்கிட்ட" என்று மட்டும் சொன்னாள்.

இனி பயமில்லை, மறுதேர்வுக்குக் கொக்கின் கால்தானே என்று இருந்தாள். முந்தின நாள்தான் மேடம் சொன்னார்: மறுதேர்வுக்குக் கல்லூரி ஆள் கிடையாது. கூடப் படிக்கிறவர்கள் வலித்தாலும் வலிக்கவில்லை என்று சொல்லிக் காப்பாற்றிவிடுகிறார்கள். வெளி ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வா. யாராக இருந்தாலும் சரி, கால் இருந்தால் போதும்.

வலித்தாலும் வலிக்கவில்லை என்று சொல்லும் ஆளைத்தான் அவளால் கூட்டிவர முடிந்தது. அம்மாவுக்கு அன்று முழு நாள் வேலை. தெருவில் எல்லாருக்கும் வேலை. அண்ணன் மட்டும், தான் பகையாளி ஆனதையெல்லாம் மறந்தவன்போல, "நான் அரை நாள் லீவு சொல்லிட்டு வர்றேன்" என்றான். கிடங்கில் அரை நாள் லீவு என்றால் அரை நாள் கூலி போச்சு என்று அர்த்தம். அதை அவன் பேச்சிலேயே எடுக்கவில்லை.

பஸ்ஸில் அவனுக்குப் பாடம் நடத்தினாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லணும். புரியுதா? பல்லைக் கடிச்சா நான் காலி."

"சரி, சொல்றேன்."

"இப்ப சொல்லிப் பாரு."

அவன் சுற்றிலும் பார்த்தான். பக்கத்து இருக்கையில் காய்கறிக் கூடையுடன் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். "இங்கயா?"

"இங்கதான்."

"வ..." என்று ஆரம்பித்துத் தொண்டையைக் கனைத்தான். "வாயில வரமாட்டேங்குதுடி. அசிங்கமா இருக்கு."

"அசிங்கமான வார்த்தையெல்லாம் நல்லா வருது. இது வராதா?"

"வலிக்குது" என்றான் ஒருவழியாக. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சத்தமாக. கிழவர் தன் கூடையைப் பயந்து நகர்த்தி வைத்துக்கொண்டு, "மன்னிச்சுக்கோப்பா, கால்ல பட்டுடுச்சா?" என்றார்.

இறங்கும்வரை அவனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அவளுக்கும்தான். அதனால் படியிலிருந்து இறங்கும்போது அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு இடது காலை மட்டும் ஊன்றியதை அவள் பார்க்கவில்லை.

பயிற்சி அறையில் மேடம் மட்டும் இருந்தார். மேசையில் ஒரு டேப் சுருள், கத்திரிக்கோல். தேர்வில் வருகிறவர் யாராக இருந்தாலும் முன்பின் தெரியாதவர்போலத்தான் பேச வேண்டும் என்பது விதி. அவள் நாற்காலியைக் காட்டி, "வாங்க, உக்காருங்க" என்றாள். அண்ணன் தனக்குப் பின்னால் யாரோ வருகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தான்.

"வலது கால்" என்றார் மேடம்.

"இடது கால்ல போடட்டுமே மேடம்" என்றான் அவன். "அது பழகின கால்."

"பழகினது வேண்டாம்."

அவன் ஷூவை மெதுவாகக் கழற்றினான். மேசை மேல் ஏறி உட்கார்ந்தான். மேடம் கடிகாரத்தைப் பார்த்துத் தலையை அசைத்தார்.

"இந்தக் கால்ல முன்னாடி அடி ஏதாவது பட்டிருக்காங்க?"

"இல்லீங்க."

"வலி ஏதாவது?"

"ஒண்ணுமில்லீங்க."

முதல் பட்டையை உரித்தாள். உள்பக்கம் ஒட்டி, குதிகாலுக்கு அடியில் விட்டு, வெளிப்பக்கம் ஏற்றினாள். இழுக்கவே இல்லை. படிய விட்டாள். கை பாதத்தின் வெளி ஓரத்தைத் தடவியபோது அண்ணன், வருகைப் பதிவுக்குக் குரல் கொடுக்கிறவன் மாதிரி, "வலிக்குது" என்றான். சொல்லிவிட்டு அவளைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

மேடத்தின் புருவம் உயர்ந்தது. ஒரு பட்டைக்கே வலியா?

அவளுக்கு அழுகை வரும்போல ஆகிவிட்டது. எனக்கு நல்லது பண்ணுகிறேன் என்று மறுபடி கெடுக்கிறான். இழுக்காத டேப் வலிக்கிறது என்கிறான். கையை நிறுத்தாமல் அடுத்த பட்டைக்குப் போய்விடலாம் என்று சுருளை எடுத்தாள். எடுத்தவள் அவன் முகத்தைப் பார்த்தாள். மேல் உதட்டில் வியர்வை பூத்திருந்தது. தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது. வெயிலில் மூட்டை தூக்குகிற ஆளுக்கு, நிழலில் உட்கார்ந்திருக்கும்போது எதற்கு வியர்க்கிறது? கீழே பார்த்தாள். கால் விரல்கள் ஐந்தும் மடங்கிக்கொண்டிருந்தன.

பட்டையைப் பிரித்தாள். சுண்டுவிரலிலிருந்து ஆரம்பித்து, வெளி ஓரமாகக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வந்தாள். பாதத்தின் நடுவில் எலும்பு புடைத்து நிற்கும் இடத்துக்கு வந்ததும் கால் துள்ளியது. அண்ணனின் கை மேசை விளிம்பைப் பிடித்தது.

"இங்கயா?"

"இல்ல."

"இங்க?"

"இல்லன்னு சொல்றேன்ல."

"இறங்கி நடந்து காட்டுங்க."

அவன் இறங்கி நடந்தான். நிமிர்ந்து, நெஞ்சைத் தள்ளிக்கொண்டு நடந்தான். ஆனால் வலது பாதம் உள்பக்கமாக மட்டும் தரையைத் தொட்டது.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. தள்ளுவண்டிச் சக்கரம் லேசா ஏறுச்சு."

"எப்போ?"

"அது ஆச்சு. மழை கொட்டுச்சே, கிடங்குக்குள்ள தண்ணி வந்துச்சே, அன்னிக்கு."

அந்த மழை அவள் பெயில் ஆவதற்கும் முன்னால். அத்தனை நாளும் அந்தக் காலோடு மூட்டை தூக்கியிருக்கிறான். சாயங்காலம் வந்து மற்ற காலை அவளுக்கு நீட்டியிருக்கிறான்.

பெரிய முள் பாதி தூரம் வந்துவிட்டது. இப்போது ஆரம்பித்தாலும் முடித்துவிடலாம். கைக்கு இப்போது எல்லாம் தெரியும். இறுகாமல், அசையாமல், ஒரு சுருக்கம் இல்லாமல் போட முடியும். போட்டால் பாஸ். போட்டால் இவன் வலி கொஞ்சம் குறைந்து, இங்கிருந்து நேராகக் கிடங்குக்குப் போவான். அவள் போட்ட நல்ல கட்டின் தைரியத்தில், உடைந்த எலும்பு மேல் ஒரு மூட்டையை ஏற்றுவான்.

சுருளை மேசையில் வைத்தாள். "மேடம், இந்தக் காலுக்கு நான் டேப் போட மாட்டேன். முதல்ல எக்ஸ்ரே எடுக்கணும்."

"ஏய்" என்றான் அண்ணன் மெல்லிய குரலில். "பைத்தியமா உனக்கு? போடுடி. நீ சொல்லச் சொன்னேன்னுதானே சொன்னேன்." பிறகு மேடத்திடம் திரும்பினான். "மேடம், அவ நல்லா போடுவா. எனக்கு வலியெல்லாம் கிடையாது. அந்த வார்த்தையே இன்னிக்கு பஸ்ல வர்றப்பதான் கத்துக்கிட்டேன்."

"நேரம் ஓடுது" என்றார் மேடம் அவளிடம்.

"தெரியும் மேடம்."

"டேப் போடலைன்னா நான் எதைப் பாத்து மார்க் போடுறது?"

"தெரியல மேடம்." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "நீங்க இன்னிக்கு வேலைக்குப் போகக் கூடாதுங்க. எக்ஸ்ரே பாக்குறவரைக்கும் போகக் கூடாது." அந்த 'ங்க'வில் அவள் குரல் உடைந்தது. ஆனாலும் விதியை விடவில்லை.

முள் எண்ணைத் தொட்டது. தாண்டியது. அண்ணன் சுவரில் ஒட்டியிருந்த தகுதிகளையும் தங்கச்சியையும் மாறி மாறிப் பார்த்தான். எதுவோ தன்னால் போய்விட்டது என்று மட்டும் அவனுக்குத் தெரிந்தது.

மேடம் மேசையைப் பிடித்துக்கொண்டு, போன முட்டிகளோடு சிரமப்பட்டுக் குனிந்தார். அதே இடத்தில் தன் விரலால் அழுத்தினார். அண்ணன் போட்ட சத்தத்தில் மைதானத்தில் ஓடிக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். அது பஸ்ஸில் கற்றுக்கொண்டது இல்லை.

மேடம் நிமிர்ந்தார். "எக்ஸ்ரேதான் எடுக்கணும்" என்றார். "மேல ஏறி உக்காருங்க. இன்னொரு கால் இருக்குல்ல, அதை நீட்டுங்க." பிறகு அவளிடம்: "போடக் கூடாத காலுக்குப் போடச் சொன்னது என் தப்பு. அந்த நேரம் சேராது. இப்ப ஆரம்பி."

முதல் பட்டை கோணலாகப் போனது. பிரித்துவிட்டு மறுபடி ஒட்டினாள். இரண்டாவதிலிருந்து கை தன் வேலையைப் பார்த்துக்கொண்டது. பாதியில் நிறுத்தி, "எப்படி இருக்குங்க?" என்று கேட்டாள்.

அண்ணன் வாயைத் திறந்தான். வழக்கமான பதில் நாக்கு நுனிவரை வந்தது தெரிந்தது. அதை விழுங்கிவிட்டு, முதன்முதலாகத் தன் காலைக் கேட்டுப் பார்ப்பவன்போலக் கொஞ்ச நேரம் யோசித்தான். "குதிகால் பக்கம் சரியா இருக்கு. மேல கொஞ்சம் பிடிக்குது."

மேலே இருந்த பட்டையை எடுத்துத் தளர்த்திப் போட்டாள். முடித்தபோது முள் எண்ணுக்கு இந்தப் பக்கம்தான் இருந்தது. மேடம் வந்து அவன் கட்டைவிரல் நகத்தை அழுத்தினார். மூட்டைக்காரனின் தடித்த மஞ்சள் நகம். அதற்குள்ளும் வெளுப்பு தெரிந்தது. விட்டார். சிவப்பு ஓடி வந்தது.

மேடம் கட்டை ஆட்டிப் பார்த்தார், அசையவில்லை. "ம்" என்றார். அவ்வளவுதான், அவள் பாஸ்.

"மேடம்" என்றாள் அவள். "அன்னிக்கு நீங்க என்னைப் பெயில் பண்ணதுக்கு..."

"ஸ்ட்ரெச்சரை எடுத்துட்டு வா. இவரை வாசல்வரைக்கும் நடக்க விடாதே. தூக்குறப்ப முட்டியை மடக்கு, இடுப்பை வளைக்காதே. வளைச்சா அதுக்கும் பெயில் பண்ணுவேன்."

வெளியே கொக்கு காத்துக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சரின் மறுமுனையை அவள்தான் பிடித்தாள். அண்ணன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு படுத்திருந்தான். "ஊரெல்லாம் பாக்குது. என்னை மூட்டையாக்கிட்டீங்களே."

"மூட்டை பேசாது அண்ணா. சும்மா வாங்க" என்றாள் கொக்கு.

மருத்துவமனையில் எக்ஸ்ரே பார்த்த டாக்டர், பாதத்தின் வெளிப்பக்க எலும்பில் கீறல் என்றார். இன்னும் கொஞ்ச நாள் எடை தூக்கி நடந்திருந்தால் முழுசாகப் பிளந்து, அறுத்து ஸ்குரூ போட வேண்டி வந்திருக்கும். இப்போது மாவுக்கட்டும் ஓய்வும் போதும். எலும்பு சேர்ந்ததும் பழையபடி வேலை செய்யலாம். அவர் போன பிறகு அண்ணன் மாவுக்கட்டை விரலால் தட்டிப் பார்த்தான்.

"நல்லவேளைடி" என்றான்.

"என்ன நல்லவேளை?"

"நீ முதல் தடவையே பாஸ் ஆகியிருந்தா நான் எதுக்கு இங்க வரப்போறேன். நல்லவேளை பெயில் ஆன."

அவள் சிரித்தாள். பிறகு சிரிப்பு போய்விட்டது. அவன் சொன்னது விளையாட்டுக்கு. ஆனால் நடந்தது அதுதான். அன்று மேடம் போனாப் போகுது என்று விட்டிருந்தால், கொக்கு அந்தக் காலை இரண்டாம் முறை நீட்டாமல் இருந்திருந்தால், இவன் அரை நாள் கூலியை விட்டுவிட்டு வராமல் இருந்திருந்தால். எந்த ஒன்று இல்லாமல் போயிருந்தாலும் இந்த மாவுக்கட்டு இல்லை. மருத்துவமனை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு அவள் ஒவ்வொருத்தரையாக நினைத்துப் பார்த்தாள். அந்தக் கதவைக்கூட நினைத்தாள். நல்லவேளை அது ஓங்கிச் சாத்த வராத கதவு.

செய்தி கேட்டு, கிடங்கிலிருந்து மேஸ்திரி சாயங்காலமே வீட்டுக்கு ஆள் அனுப்பியிருந்தார். கால் தேறும்வரை கிழிந்த சாக்குகளை உட்கார்ந்தபடி தைத்துக் கொடுக்கட்டும் என்று. கூலி குறைவுதான், ஆனால் கூலி. அண்ணன் கட்டிலில் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, தலையணை சரியில்லை, கொசு கடிக்கிறது, மாவுக்கட்டுக்குள் அரிக்கிறது என்று ஒன்றையும் விடாமல் சொல்லிக்கொண்டிருந்தான்.

அம்மா வேலையிலிருந்து வந்து எல்லாவற்றையும் கேட்டாள். மழை பெய்த நாளிலிருந்து என்று கேட்டதும் மகனை முறைத்தாள். மாவுக்கட்டைத் தொட்டுப் பார்த்தாள். மகளின் தலையை ஒருமுறை தடவினாள். பிறகு அடுப்பில் தண்ணீர் வைத்துவிட்டு வந்து, கவிழ்ந்திருந்த வாளி மேல் உட்கார்ந்து, வலது கையை மகள் முன்னால் நீட்டினாள்.

"இந்த மணிக்கட்டைக் கொஞ்சம் பாரு. இஸ்திரிப் பெட்டியைத் திருப்புறப்ப ஒரு மாதிரி இருக்கு."

"எப்பலேர்ந்தும்மா?"

"இவன் ஸ்கூலுக்குப் போனானே, அப்பலேர்ந்து."

அண்ணன் கட்டிலிலிருந்து தலையைத் தூக்கினான். "நான் எங்கம்மா ஸ்கூலுக்குப் போனேன்?"

"போனப்பன்னுதானே சொல்றேன். வாயை மூடு."

அவள் அம்மாவின் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். சூட்டில் காய்த்துப்போன கை. உடனே அழுத்தவில்லை. "எந்த இடத்துல, எப்படி வலிக்குதுன்னு நீ முதல்ல சொல்லும்மா" என்றாள். "அவசரமில்ல. மெதுவா சொல்லு."

அம்மா சொல்ல ஆரம்பித்தாள்.